கரிசலில் ஒரு வண்டி இரவு

மதுரையில் விமானம் ஏறினால் கொழும்பில் இறங்க ஒரு மணி நேரம் போதும். 2012-இல் மதுரையிலிருந்து புறப்பட்ட முதல் வெளிநாட்டு விமானம் அந்தத் தடத்தில்தான் பறந்தது. அதே விமான நிலையத்தின் பக்கமாகத் தெற்கே போகும் சாலையில் பேருந்து பிடித்து, அருப்புக்கோட்டையில் மாறி, திருச்சுழி போய்ச் சேர்வதற்குக் காத்திருப்பையும் சேர்த்தால் அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். கடல் தாண்டிய ஊர் பக்கமாகவும், கண்ணுக்கெட்டிய ஊர் தொலைவாகவும் இருப்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. இங்கே தூரத்தை நிலம் பாதி தீர்மானித்தது. மீதியைத் தீர்மானித்தது, எந்த ஊருக்குப் பாதை கொடுக்கப்பட்டது என்பது.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் 50 கிலோமீட்டர். பழைய கணக்கில் முப்பது கல். பார வண்டி கட்டிப் பழகியவர்களுக்கு இது இரண்டு இரவுப் பயணம். சுமை ஏற்றிய மாட்டுவண்டி மணிக்கு இரண்டு மைல் போகும், மிஞ்சினால் இரண்டரை. பகல் வெயிலில் மாடு தாங்காது. அதனால் பொழுது சாய்ந்த பிறகு பூட்டி, விடியும்போது அவிழ்ப்பார்கள். ஒரு இரவில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து கல் கடந்தால் நல்ல ஓட்டம். மதுரையில் கிளம்பியவர் முதல் விடியலில் காரியாபட்டிப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். அருப்புக்கோட்டை இரண்டாவது விடியலில் வரும்.

இந்தக் கணக்கெல்லாம் கோடைக்குத்தான் பொருந்தும். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் கணக்கு மாறிவிடும். கரிசல் மண் தண்ணீர் குடித்தால் ஊதிப் பசையாகிவிடும். சக்கரத்தின் ஆரக்கால் வரைக்கும் ஏறி அப்பிக்கொள்ளும். வண்டிக்காரர் இறங்கித் தோள் கொடுத்தாலும் மாடு முட்டி போட்டு நின்றுவிடும். கோடையில் அதே மண் கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு கமுதிப் பக்கம் போகும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். வெள்ளம் வந்தாலோ, வடியும் வரை அக்கரை வண்டி அக்கரையில், இக்கரை வண்டி இக்கரையில். ஆக, திருச்சுழிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் எந்த மாதம் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதுதான் நியாயமான பதிலாக இருந்திருக்கும்.

இதில் இந்த மண்ணுக்கு ஒரு நல்லதும் வாய்த்தது. மானாவாரிப் பருத்தி புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கப்பட்டு, பங்குனிக்கு மேல் வெடித்து வரும். பருத்தி எடுக்கும் காலமும் பாதை இறுகிக் கிடக்கும் காலமும் ஒன்றே. கருங்கண்ணிப் பருத்தியைப் பொதியாகக் கட்டி வண்டியேற்றும் வைகாசியில் கரிசல் பாதை கல் போலக் கெட்டித்திருக்கும். ஏற்றுமதிச் சந்தையில் இந்தப் பருத்திக்குத் திருநெல்வேலிப் பெயர்தான் வழங்கியது. விளைந்த நிலத்தில் ஒரு பெரும் பங்கு ராமநாதபுரம் சீமையின் மேற்குக் கரிசலில் இருந்தாலும், பெயர் கப்பலேறிய பக்கத்துக்கே போய்விட்டது.

வண்டிப் பயணத்தின் வேகம் இங்கே ஊர்களின் இடைவெளியையே வகுத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து வடக்கே கருப்பட்டி, உப்பு, கருவாடு ஏற்றிக்கொண்டு வந்த நாடார் வணிகர்கள் ராமநாதபுரம் சீமையின் ஆறு ஊர்களில் நிலைகொண்டார்கள்: சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை. இந்தச் சமூகத்தின் வரலாற்றை 1969-இல் நூலாக எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ், இந்த ஆறு ஊர்களுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். வரைபடத்தை விரித்து விருதுநகரை நடுவில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். அங்கிருந்து அருப்புக்கோட்டை இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். திருமங்கலம், சிவகாசி இரண்டும் இருபத்தைந்தை ஒட்டி. மூன்றுமே ஒரு வண்டி இரவு. பாலையம்பட்டி அருப்புக்கோட்டையோடு ஒட்டிக்கொண்ட ஊர்.

இரவுப் பயணத்தில் வழிப்பறி அச்சம் பெரிது. சரக்கோடு வந்தவர்கள் விடிந்ததும் அடைக்கலம் தேடிய இடம் பேட்டை. நான்கு பக்கமும் மதில், ஒரு வாசல், உள்ளே கிணறு, வண்டி நிறுத்தும் களம், சரக்கு இறக்கக் கொட்டகை, படுக்கத் திண்ணை. இதை ஊர் வணிகர்கள் கூடி, உறவின்முறை என்ற சமூக அமைப்பாக நடத்தினார்கள். உள்ளே வரும் சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை எடுத்துவைத்தார்கள். அதுதான் மகமை. வண்டிக்குக் காவல் கொடுக்கத் தொடங்கிய மகமை பிறகு கோயில் கட்டியது, கிணறு வெட்டியது, பள்ளிக்கூடம் நடத்தியது. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி ஊர்ப்பணத்திலும் பிடி அரிசியிலும் நின்ற பள்ளி. காமராஜர் படித்தது அங்கேதான். ஒரு மாடு ஒரே இரவில் எவ்வளவு தூரம் இழுக்கும் என்ற எளிய உண்மையிலிருந்து ஒரு வட்டாரத்தின் கல்வி வரலாறு வரைக்கும் கோடு இழுக்க முடிகிறது என்பது சாதாரண விஷயமல்ல. தமிழகத்தின் பொருளாதார வரலாற்றை எழுதுகிறவர்கள் வண்டிப் பேட்டைகளுக்கு இன்னும் நிறைய பக்கங்கள் ஒதுக்க வேண்டும்.

பிறகு ரயில் வந்தது. தென்னிந்திய ரயில்வே 1875-இல் மதுரையை எட்டியது; 1876 தொடங்கியபோது தூத்துக்குடி வரை தண்டவாளம் ஓடியது. மதுரையிலிருந்து தெற்கே பார்த்தால் தூத்துக்குடிக்கு நேர்க்கோடு அருப்புக்கோட்டை வழியாகத்தான் விழும். தண்டவாளம் அப்படிப் போகவில்லை. திருமங்கலம், விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி என்று மேற்கே வளைந்து போனது. விருதுபட்டி என்பது இன்றைய விருதுநகர். அருப்புக்கோட்டை அதுவரை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் ஒரே நாளில் தூரமாகிவிட்டது. விருதுநகர் வணிகர் சரக்கை நிலையத்தில் ஏற்றினால் சில மணி நேரத்தில் துறைமுகம். அருப்புக்கோட்டைப் பருத்திக்கு முதலில் ஒரு வண்டி இரவு, அதன் பிறகுதான் ரயில். விருதுநகர் தென்னாட்டின் பெரும் கமிஷன் மண்டிச் சந்தையாக எழுந்ததற்கு அந்த ஊராரின் உழைப்பு ஒரு காரணம் என்றால், அந்த நிலையம் இன்னொன்று. அருப்புக்கோட்டை தறியையும் நூலையும் பற்றிக்கொண்டு வளர்ந்தது. அங்கே நெசவும் நூற்பாலையும் நிலைத்துவிட்டதால் ஊர் வாடவில்லை. கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருச்சுழிக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடைக்கவில்லை. சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில் இருந்தது, கச்சேரி இருந்தது, வெயில் இருந்தது.

ரயில் வந்த அதே 1876-இல் பெரும் பஞ்சமும் வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் 1878 வரை லட்சக்கணக்கான உயிர்களை அது கொண்டுபோயிற்று. துறைமுகத்தில் இறங்கிய தானியம் ரயில் நிலையம் வரை வந்தது. நிலையத்திலிருந்து ஊருக்குள் கொண்டுபோக வண்டி வேண்டும், வண்டிக்கு மாடு வேண்டும், மாட்டுக்குத் தீவனமும் தண்ணீரும் வேண்டும். மாடுகளே செத்துக்கொண்டிருந்த காலத்தில் தண்டவாளத்திலிருந்து பதினைந்து கல் தள்ளி இருப்பது என்பது உயிர் சம்பந்தப்பட்ட தூரம். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போனது இந்தப் பின்னணியில்தான். முந்தைய தலைமுறையினர் ராமேசுவரம் பக்கம் வரை நடந்து, படகில் மன்னார் கடந்து, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். வழியிலேயே மடிந்தவர்கள் பலர். தூத்துக்குடிக்கு ரயில் வந்த பிறகு, மாலையில் நீராவிக் கப்பல் ஏறினால் மறுநாள் காலை கொழும்பு. மழைக்காலத்துத் திருச்சுழிக்காரருக்கு மதுரையைவிடக் கொழும்பு நிச்சயமான ஊராக இருந்தது.

தூரமும் நேரமும் காசும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதற்குத் திருச்சுழியில் பிறந்த ஒரு பையனின் பயணத்தைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது. 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன நாளில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. தந்தை சுந்தரமய்யர் திருச்சுழியில் வக்கீல் தொழில் பார்த்தவர். வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் தங்குவதற்கென்றே வீட்டின் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருந்தவர். வண்டியில் வந்து சேரும் அதிகாரிக்கும் வழிப்போக்கருக்கும் இந்த ஊரில் அப்படிப்பட்ட வீடுகள் தேவைப்பட்டன. 1892-இல் அவர் மறைந்ததும் மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சிறிய தகப்பனார் வீட்டுக்குப் போனார்கள். அங்கேதான், திருவண்ணாமலையிலிருந்து வருவதாகச் சொன்ன உறவினர் ஒருவரிடம் அருணாசலம் என்பது உண்மையிலேயே போகக்கூடிய ஓர் ஊர் என்று பையன் தெரிந்துகொண்டான்.

1896 ஆகஸ்டு 29, சனிக்கிழமை. அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்துக்கென இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைத் தான் எழுதிய கடிதத்தோடு விட்டுவிட்டு அவன் திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். கிளம்பும் முன் வீட்டில் இருந்த பழைய தேசப்படப் புத்தகத்தைப் புரட்டினான். திருவண்ணாமலைக்கு அருகில் உள்ள ரயில் நிலையம் திண்டிவனம் என்று அது காட்டியது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிப் பக்கம் ஒரு கிளைப்பாதை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போடப்பட்டுவிட்டது. படம் பழையது; பாதை அதில் இல்லை. மூன்று ரூபாய் போதும் என்று அவன் போட்ட கணக்கே அந்தப் பழைய படத்தை நம்பிப் போட்டதுதான்.

நண்பகல் ரயில். அவன் நிலையத்துக்கு நேரங்கழித்துத்தான் வந்தான். நல்லவேளை ரயிலும் தாமதம். அப்போது ரயில்வே கடிகாரங்கள் சென்னை நேரத்தைக் காட்டின. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்ற ஏற்பாடு 1906-இல்தான் வந்தது. திண்டிவனத்துக்குக் கட்டணம் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. மீதி மூன்று அணா. திருச்சிராப்பள்ளி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அங்கே அரையணாவுக்குப் பேரிக்காய் வாங்கினான். மதுரையிலிருந்து திருச்சி 155 கிலோமீட்டர்; அரை நாள் முழுதாகப் போயிருந்தது. அந்தக் காலத்தில் விருத்தாசலம் வழியான குறுக்குப் பாதை கிடையாது. அது 1920-களின் இறுதியில்தான் வந்தது. ஆகவே வண்டி தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், சிதம்பரம், கடலூர் என்று டெல்டாவைச் சுற்றிக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு விழுப்புரம் சேர்ந்தது. ஏறக்குறைய 400 கிலோமீட்டரைப் பதினைந்து மணி நேரத்தில் கடந்த ரயில் அது. பாரவண்டியோடு ஒப்பிட்டால் எட்டு மடங்கு வேகம்.

விழுப்புரத்தில் இறங்கியதற்குக் காரணம் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மௌல்வி. திண்டிவனம் போக வேண்டியதில்லை, விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் உண்டு என்று அவர்தான் சொன்னார். தேசப்படம் சொல்லாததை சகபயணி சொன்னார். பயண வரலாற்றில் இது மறக்கக்கூடாத செய்தி: பாதை போட்டுவிட்டால் மட்டும் போதாது, அது இருக்கிறது என்ற தகவலும் வந்து சேர வேண்டும், கரிசல் நாட்டுப் பையனுக்கு அது வாய்மொழியாகத்தான் வந்தது.

விழுப்புரத்தில் சாப்பிட்ட கடையில் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். கையிலிருந்த இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரைதான் சீட்டு கிடைத்தது. அங்கிருந்து பத்துக் கல் நடை, அறையணிநல்லூர்க் கோயில் வரை. அன்றிரவு கீழூரில். மறுநாள் கோகுலாஷ்டமி, முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் உணவு கிடைத்தது. இருபது ரூபாய் பெறும் காதுக் கடுக்கனை அவரிடம் வைத்து நான்கு ரூபாய் வாங்கிக்கொண்டு, இரவைத் திருக்கோவிலூர் ரயில் நிலையத்தில் கழித்து, செப்டம்பர் 1 காலை ரயிலேறித் திருவண்ணாமலையில் இறங்கினான். மூன்று பகல், மூன்று இரவு. இன்று அதே தூரத்தை மதுரையிலிருந்து காரில் ஆறு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை, ஏறக்குறைய 54 ஆண்டுகள் அவர் அந்த மலையை விட்டு எங்கும் போகவில்லை. அவரைத் தேடித் தாயாரும் உறவினரும்தான் பயணப்பட்டார்கள்.

இந்தச் சீமையின் ஆட்சி எல்லைகளும் தூரத்தை விசித்திரமாக வகுத்தன. 1910-இல் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிரித்து ராமநாதபுரம் மாவட்டம் உருவானது. ஆனால் கலெக்டர் அலுவலகம் பல பத்தாண்டுகள் மதுரையிலேயே நடந்தது. மாவட்டத்துக்கு வெளியே இருந்த தலைநகர் அது. அருப்புக்கோட்டைக்காரருக்கு அது ஒருவகையில் வசதி. சாயல்குடிக்காரருக்கும் முதுகுளத்தூர்க்காரருக்கும் பெரும் அலைச்சல். 1985-இல் விருதுநகர் மாவட்டம் பிறந்த பிறகு அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் கலெக்டர் ஓரளவு பக்கத்தில் வந்தார்.

ரயில் கொடுக்காததைப் பேருந்து கொடுத்தது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911, 1912 வாக்கில் மதுரையை மையமாக வைத்துத் தொடங்கிய மோட்டார் போக்குவரத்து, இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் தென்மாவட்டங்களின் சாலைகளை இணைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது பின்னால் கரிவாயு உலையை மாட்டிக்கொண்டு பேருந்துகள் ஓடின. மேட்டில் ஏற மூச்சுத் திணறினாலும் மாட்டுவண்டியின் இரண்டு இரவை அது ஒரு காலைப் பொழுதாக்கிவிட்டது. 1972-இல் டி.வி.எஸ். பேருந்துகள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அருப்புக்கோட்டைச் சாலையில் தனியார் பேருந்துகளும், குறிப்பாக ஜெயவிலாஸ், தொடர்ந்து ஓடின. இந்த வட்டாரத்தின் பயணப் பழக்கத்தை உருவாக்கியது பேருந்துதான். ரயில் அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லும் ஆட்கள் விருதுநகரில் கிடைப்பார்கள், அருப்புக்கோட்டையில் கடைசிப் பேருந்தின் நேரத்தைச் சொல்வார்கள்.

அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்தது 1963-64-இல். விருதுநகர் முதல் மானாமதுரை வரை போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நிலையம் கிடைத்தது. விருதுநகருக்கு ரயில் வந்து 87 ஆண்டுகள் கழித்து, இருபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு ரயில். அதுவும் மதுரைக்கும் போகாமல் தூத்துக்குடிக்கும் போகாமல் குறுக்காகப் போகும் பாதை. ஊர்க்காரர்களின் வியாபாரமும் படிப்பும் மருத்துவமும் வடக்கே மதுரையை நோக்கி இருந்தன. தண்டவாளம் கிழக்கு மேற்காகக் கிடந்தது. 2013-இல் அகலப்பாதையான பிறகு சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் சிலம்பு விரைவு ரயில் வாரத்தில் சில நாள்கள் இந்த வழியாக வருகிறது. 1977-இல் வைகை எக்ஸ்பிரஸ் மீட்டர் கேஜிலேயே மதுரையையும் சென்னையையும் ஏழு மணி நேரச் சொச்சத்தில் இணைத்துக் காட்டியது. அந்த வேகம் அருப்புக்கோட்டைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

சாலைதான் திரும்பவும் கைகொடுத்தது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போகும் நெடுஞ்சாலை நான்கு வழியாகிவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் இந்தக் கரிசலைக் கடக்கின்றன. பழைய வண்டிப் பாதை போன திசையிலேயேதான் அவையும் போகின்றன. 1876-இல் தண்டவாளம் எடுக்க மறுத்த நேர்க்கோட்டை லாரிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அதே நேர்க்கோட்டில் ரயில் விடும் திட்டமும் உண்டு. மதுரை, அருப்புக்கோட்டை, தூத்துக்குடி புதிய ரயில்பாதை, நீளம் சுமார் 143 கிலோமீட்டர். 2011-12 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் பெற்றது. மணியாச்சி வழியாகச் சுற்றும் இப்போதைய பாதை ஏறக்குறைய 160. தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரை 18 கிலோமீட்டர் அளவுக்குப் பாதை போட்டாகிவிட்டது. 2025 ஜனவரியில் திட்டமே கைவிடப்படுகிறதோ என்ற சர்ச்சை எழுந்தது. கைவிடச் சொல்லித் தான் கேட்கவில்லை என்று தமிழக அரசு மறுத்தது, ரயில்வே தரப்பும் பிறகு விளக்கம் கொடுத்தது. பதினேழு கிலோமீட்டர் மிச்சமாகும் என்பது இதன் முழுப் பயன் அல்ல. வண்டிக் காலத்திலிருந்து மதுரையையும் கடலையும் பார்த்து வாழ்ந்த ஒரு சீமைக்கு அந்த இரண்டு திசையிலும் இன்றுவரை நேர் ரயில் இல்லை. மேலமருதூரில் நிற்கும் தண்டவாளத்தை முதற்கட்டமாக அருப்புக்கோட்டை வரையாவது கொண்டுவந்து சேர்க்க மத்திய அரசு நிதி ஒதுக்க வேண்டும். அதற்கான நிலத்தை மாநில அரசு தாமதமில்லாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்தத் தொகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் கட்சி பார்க்காமல் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது.